பென்சிலால் ஆற்றிய காயம்

கோர்ட் வாய்தாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தைலம்மை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். நாங்கள் கொடுத்திருந்த போட்டோவை என் மேசைமேல் வைத்து, “இது யாருங்க?” என்று கேட்டார். நான் நன்றாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த படம் அது.

1. என் வேலை

நன்னிலத்தில் அப்போது நான் டச்சப் ஆர்ட்டிஸ்ட், பிரிண்ட் போடுமுன் நெகட்டிவிலேயே முகத்தைத் திருத்துபவன். முகத்தில் கறுப்பாக இருப்பது நெகட்டிவில் வெளுப்பாகத் தெரியும். அந்த இடத்தை ஊசியாகச் சீவிய பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் முகம் வெளுத்துவிடும். பளபளவென்று துருத்தும் இடத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டி அடக்குவோம். பென்சிலைத் துடைத்துவிடலாம், கத்தி பட்டது பட்டதுதான்.

யாரும் கேட்கவே வேண்டாம், எல்லா முகத்துக்கும் டச்சப் உண்டு. கறுப்புதான் நம்ம நிறம் என்று மேடையில் முழங்கிய கட்சிக்காரர்கூட, போட்டோவில் கொஞ்சம் வெளுப்பாக இருக்கட்டும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார். நான் மட்டும் என்ன? எனக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. என் கல்யாணப் போட்டோவில் அதையெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து நானே வழித்து எடுத்தேன்.

2. தைலம்மையின் நெகட்டிவ்

அறுப்புக் கூலித் தகராறில், வெளியூர் ஆட்களை வயலில் இறக்கவிடாமல் மறித்தவர்களில் தைலம்மையும் ஒருவர். மிராசுதாரின் காரியக்காரர் தடியால் அடித்ததில் புருவத்திலிருந்து கன்னம்வரை கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். கண் வீங்கி மூடியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் சிறு காயம் என்று மட்டும் எழுதிவிட்டதால், முகத்தைப் போட்டோ எடுத்து வைக்கும்படி வக்கீல் அனுப்பியிருக்கிறார்.

படம் எடுத்தது முதலாளி. இது கோர்ட்டுக்கு என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் மற்ற நெகட்டிவ்களோடு இதுவும் என் மேசைக்கு வந்தது. பாவம், இந்த முகத்தோடு படம் எடுக்க வந்திருக்கிறாரே என்று இரக்கப்பட்டேன். தையலைப் பென்சிலால் மூடினேன். வீக்கத்தைக் கத்தியால் அடக்கினேன். நிறத்தையும் நாலு படி ஏற்றினேன். எவ்வளவு பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அந்தப் படத்தைத்தான் தைலம்மை என் மேசைமேல் வைத்து யார் என்று கேட்டார். “அம்மா, அழகா இருக்கட்டுமேன்னுதான்...” என்று இழுத்தேன்.

“எம்மூஞ்சிய நான் கண்ணாடில பாத்துட்டுத்தாங்க வந்தேன். எனக்கு அது அசிங்கமாத் தெரியல. ஒங்களுக்கு ஏன் தெரிஞ்சுது?”

நெகட்டிவைத் தேடி எடுத்துப் பென்சிலைத் துடைத்துப் பார்த்தேன். தையல் மங்கலாகத் தெரிந்தது, சுரண்டிய இடம் திட்டுத் திட்டாக நின்றது. புதிதாக எடுக்கலாம் என்றால் அதற்குள் வீக்கம் வடிந்து, தையலும் பிரித்தாகிவிட்டது.

3. நான் போகாத கோர்ட்

படத்தில் காயத்தை அழித்தது நான்தான் என்று கோர்ட்டில் வந்து சொன்னால் போதும் என்று வக்கீல் ஆள் அனுப்பினார். முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“மிராசுதார் வீட்டுக் கல்யாணமெல்லாம் நம்மகிட்டதாம்ப்பா வருது. நீ கோர்ட்டுப் படி ஏறுனா, அப்புறம் இந்தப் படி ஏறாதே.”

நான் போகவில்லை. அன்று காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அந்த அம்மா வரப்பில் வழுக்கி விழுந்ததில் பட்ட சிறு காயம்தான் அது என்று எதிர்த்தரப்பு சொன்னதே நின்றது. கேஸ் தள்ளுபடியாயிற்று. காரியக்காரர் மறு வாரமே பழையபடி வயலில் குடை பிடித்து நின்றார்.

அதற்குப் பிறகும் பல வருடம் டச்சப் செய்தேன். ஆனால் பென்சிலைத் தொடுமுன் ஆளை எதிரில் உட்காரவைத்து, எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் வெளுக்கச் சொன்னார்கள், வெளுத்துக் கொடுத்தேன். மிச்சப்பேர் தழும்பு, மச்சம், தெற்றுப்பல் எதிலும் கை வைக்காதே என்றார்கள். மச்சத்தை எடுத்துவிட்டால் வீட்டுக்காரருக்கு அடையாளம் தெரியாது என்று சிரித்தார் ஒரு மீன்கார அம்மா.

போனில் விரலால் தேய்த்து முகத்தை மாற்றுகிற பிள்ளைகளே, உங்கள் முகம் உங்கள் பாடு. அடுத்தவர் முகத்தைத் திருத்துமுன் மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் தைலம்மையின் காயத்தை அழித்தேன், அது தெரியாமல் செய்தது. கோர்ட்டுக்குப் போகாமல் படுத்துக்கொண்டது தெரிந்தே செய்தது.