சின்னம்மாவின் பீஜிங் படங்கள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக உல்லாசப் பயணம் போனவர் சின்னம்மாதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். டென்மார்க்கின் ஹேர்னிங்கில் என் வகுப்புப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஸ்பெயின், இத்தாலி என்று போய்வந்து படம் காட்டுவார்கள். எனக்குக் காட்ட ஒன்றும் இருந்ததில்லை. அந்த வருடம்தான் பீஜிங்கிலிருந்து சின்னம்மாவின் படங்கள் தபாலில் வந்தன.

சின்னம்மா என்றால் சித்தப்பாவின் மனைவி. சித்தப்பா அகதியாக ஏற்கப்பட்டு எங்களோடு இருந்தார். தையல் ஆலையில் வேலை. மனைவியைக் கூப்பிடச் சட்டம் இடம் கொடுத்தது. பதில்தான் வரவில்லை. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் சித்தப்பா ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்தார்.

அவன் சின்னம்மாவையும் வேறு சில பெண்களையும் பீஜிங்கில் ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் வைத்தான். சின்னம்மா சிங்கப்பூர்ப் பெண்ணொருத்தியின் பாஸ்போர்ட்டில் அங்கிருந்து டென்மார்க்குக்கு விமானம் ஏறவேண்டும். அறைக்குள் அடைந்து கிடந்தால் சந்தேகம் வரும், சுற்றுலாப் பயணிகள் போல ஊர் பார்த்து, படம் எடுத்துப் பையில் வைத்திருக்கவேண்டும் என்பது அவன் கட்டளை. இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குச் சொன்னது சின்னம்மா சீனா பார்க்கப் போயிருக்கிறார் என்பது மட்டும்தான்.

எங்களுக்கு வந்தவை அந்தப் படங்களின் பிரதிகள். பெருஞ்சுவர், அரண்மனை வாசல், ஹோட்டல் முன்கூடம். எல்லாவற்றிலும் சின்னம்மா அழகான சிவப்புக் கோட்டுப் போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை. பாஸ்போர்ட்காரிக்கு அவை இல்லையாம்.

அம்மா தலையில் கைவைத்தார். “புருசன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்க இதென்ன கோலம்?”

“முதல்ல ஆள் வந்து சேரட்டும், அண்ணி,” என்றார் சித்தப்பா.

அம்மா சாமித்தட்டிலிருந்து குங்குமம் எடுத்துப் படத்தின் நெற்றியில் வைத்துப் பார்த்தார். வழுவழுப்பான தாளில் அது ஒட்டவில்லை.

சில நாட்கள் கழித்து ஹோட்டலிலிருந்து சின்னம்மாவின் தொலைபேசி வந்தது. சித்தப்பா கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

“பிடிபட்டிட்டினம் அண்ணை. எயார்போர்ட்டில படங்களைப் பரப்பி வச்சுப் பாத்தவங்களாம். ஆளையாள் தெரியாதெண்டு சொன்ன எல்லாற்ற படத்திலயும் அதே கோட்டு.”

“என்ன கோட்டு?”

“ஏஜென்சிக்காரனிட்ட இருந்தது ஒரு கோட்டுத்தானாம். எல்லாருக்கும் மாறி மாறிப் போட்டு எடுத்திருக்கிறான்.”

அப்பாவுக்கு விளங்கவேயில்லை. “ஊரில ஸ்டூடியோக்காரன்ர கோட்டைத்தானே எல்லாரும் போட்டுப் படம் எடுத்தனாங்கள். ஆர் கேட்டது?”

யாரும் சிரிக்கவில்லை. சின்னம்மாவைக் காவலுடன் ஹோட்டல் அறையில் வைத்திருந்தார்கள். மறுநாள் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். சித்தப்பாவால் அதற்குமேல் கதைக்க முடியவில்லை. நான் ரிசீவரைப் பறித்துக்கொண்டேன்.

“சின்னம்மா, நாளைக்கு எங்க போறீங்கள்?”

“பிளேனில போறன், பிள்ளை.”

“நீங்கள் குடுத்து வச்ச ஆள்!”

“ஓம் பிள்ளை. இஞ்ச எல்லாம் நல்ல வடிவு. சித்தப்பாவைச் சாப்பிடச் சொல்லு.” அத்தோடு லைன் அறுந்தது.

டென்மார்க்கின் அனுமதி ஒருநாள் வரத்தான் செய்தது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் ஊரில் ஷெல் விழுந்து சின்னம்மா இறந்துபோயிருந்தார். நாங்கள் கடைசியாகக் கேட்ட அவர் குரல் அந்த ஹோட்டலிலிருந்து வந்ததுதான்.

சின்னம்மா இறந்தது தெரியவந்த பிறகு சித்தப்பா ஆலையிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்.

“அண்டைக்குச் சின்னம்மா உன்னட்ட என்ன சொன்னவ?”

நான் சொல்வேன்.

“வேற?”

வேறொன்றுமில்லை என்பேன். மறுநாளும் கேட்பார். சித்தப்பாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.