தண்ணீர் இல்லாத வீடு

அக்காவின் மகன் ஆற்றோடு போனபின் நாங்கள் குடும்பமாக எங்கும் போனதில்லை. அவனுக்கு ஒன்பது வயது. ஒரு கோயிலுக்குப் போன இடத்தில், பெரியவர்கள் நாங்கள் கரையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே அது நடந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த கோடை விடுமுறைகள் மதுரையில் அவரவர் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். அவள் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். என் மகளுக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவளை அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போக எனக்கும் என் மனைவிக்கும் தயக்கமாகவே இருந்தது.

போன மே மாதம் அக்காவே போன் செய்தாள். "எங்கயாச்சும் ரெண்டு நாள் போயிட்டு வருவமாடா? லாட்ஜு வேணாம். வீடு மாதிரி பாரு, சேந்து சமைச்சுச் சாப்பிடலாம்."

"எங்கக்கா போறது?"

"கம்பம் பக்கம் பாரேன். பச்சையா இருக்கும்."

கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாக இருப்பது எதனால் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சாப்பிட்ட கையோடு நானும் மனைவியும் போனில் வீடு தேட உட்கார்ந்துவிடுவோம். நீச்சல் குளம் உள்ள வீடுகளை முதலில் ஒதுக்கினோம். மிச்சமிருந்தவற்றிலும் படத்துக்குப் படம் தண்ணீர்தான். ஆறு தெரியும் மாடி, அருவிக்குப் பக்கம், ஓடைக்கரைக் குடில். ஒருவர் போனில் பெருமையாகச் சொன்னார்: "காலைல எந்திரிச்சு நேரா ஆத்துல எறங்கிரலாம் சார். குட்டீஸ் மேல ஏறவே மாட்டாக." நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

படத்தை நம்பமுடியாது என்று நானே ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குள் ஒரு வீடு. பந்தலுக்கு அடியிலேயே நடந்து போகலாம், அவ்வளவு அழகு. ஆனால் சமையலறைக்குப் பின்னால் திறந்த கிணறு. சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. அங்கிருந்து அனுமந்தன்பட்டிக்கு வந்தேன். ஊர்க்கோடியில், பச்சை பெயிண்ட் அடித்த, பார்க்கச் சுமாரான வீடு. சுற்றிலும் தென்னை. வீட்டுக்காரர் விவசாயி.

"கிணறு, தொட்டி ஏதாச்சும் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"கெணத்த எப்பயோ மூடியாச்சு சார். போர்தான். கவலப்படாதீக, இங்கன தண்ணிக்குப் பஞ்சமே இல்ல."

குளிக்கத் தண்ணீர் வருமா என்று நான் கேட்பதாக அவர் நினைத்தார். ஏன் கேட்கிறேன் என்பதை முன்பின் தெரியாதவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்கேட்டைத் திறந்து பார்த்தேன். காய்ந்த புல் மண்டிய ஒரு பள்ளமும், அதில் மேய்ந்த நாலைந்து ஆடுகளும்தான் தெரிந்தன. அந்த வீட்டுக்கே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் பிறந்ததும் ஒரே காரில் கிளம்பினோம். நாங்கள் போய் இறங்கும்போது வீட்டுக்காரர் கேட்டருகிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துல வந்திருக்கீக. நேத்துத்தான் அணையில தண்ணி தெறந்துவிட்டாக. பின்னாடி வாய்க்கா நெறஞ்சு போகுது, வந்து பாருங்க!"

சாப்பாட்டுத் தூக்குடன் இறங்கிக்கொண்டிருந்த அக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

நான் பின்பக்கம் ஓடினேன். ஆடு மேய்ந்த பள்ளத்தில் செம்மண் நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு, ஆளை இழுக்கிற வேகத்தில் போனது. "இத ஏங்க என்கிட்ட சொல்லல?" என்று வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டேன். அவருக்குப் புரியவில்லை. "எல்லாரும் இதுக்குத்தான சார் வர்றாக?" என்றார்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "வீரபாண்டியில எங்க சொந்தக்காரவுக வீடு ஒண்ணு இருக்கு, பேசட்டா?" என்று ஆரம்பித்தவர், அங்கே கோயிலை ஒட்டியே ஆறு ஓடுவது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு பூட்டைக் கொண்டுவந்து பின்கேட்டைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார்.

மனைவி பின்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினாள். வீடு வெந்தது. அப்படியும் சலசலப்பு கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சாப்பிடும்போது என் மகள், "அப்பா, வாய்க்காலப் பாத்துட்டு வரலாமா?" என்றாள்.

"சாப்பிடு" என்றாள் மனைவி.

அக்கா கையைக் கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "பூட்டத் தொறடா. பிள்ளைய அடைச்சு வச்சிட்டு எனக்கு என்ன விருந்து?"

மகளை அவளே கூட்டிப்போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம். அக்கா கரையில் உட்கார்ந்து தன் காலை முதலில் தண்ணீருக்குள் விட்டாள். பிறகு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மகள் நெளிந்தாள்.

"அத்தை, கை வலிக்குது."

அக்கா காதில் விழவில்லை. அவள் கண் தண்ணீர் போகிற திசையிலேயே இருந்தது. மகள் அழத் தொடங்கினாள். மாமா குனிந்து, அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "விடும்மா. பிள்ள கரையிலதான இருக்கு."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீக?"

மாமா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "கார நெழல்ல விடப் போயிருந்தேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

மகளைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே வந்துவிட்டேன். மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது. மனைவி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். "அத்தைக்கு என் மேல கோவமா?" என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். வெயில் தாழும்வரை அக்காவும் மாமாவும் வாய்க்கால் கரையிலேயே இருந்தார்கள். பேசுவது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது காதில் விழவில்லை. மறுநாள் அக்காவுக்குக் காய்ச்சல். விடிந்ததும் மூட்டை கட்டினோம்.

இப்போது அவர்கள் வீட்டில் சண்டை நடக்கிறது. அந்தச் சுவர்களுக்குள் பேச்சே இல்லாமல் இருந்தது போய், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம். கூட்டிப்போயிருக்கவே கூடாது என்கிறாள் மனைவி. எனக்குத் தெரியவில்லை. சில நாள் மாமா கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார். காலையில் அக்கா எனக்கு போன் செய்வாள். குரலில் கோபம் அப்படியே இருக்கும்.

"சாப்பிட்டாகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.