மடியில் பிள்ளை, வளைவில் கார்

ஹயர் கார், அதாவது வாடகைக் கார், ஓட்டுகிறவனுக்கு வளைவுகூடப் பழகிப்போகும். பின் சீட்டில் வருகிற கைப்பிள்ளை மட்டும் கடைசிவரை பழகாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் காரோடு இலங்கை மலைநாட்டில் ஹட்டன் ஸ்டாண்டில் வந்து நின்றேன். பிள்ளைகளுக்கென்று அந்தக் காரில் ஒன்றும் கிடையாது. எங்கள் ஸ்டாண்டில் எந்தக் காரிலும் கிடையாது. தாயின் மடிதான் சீட்டு, தாயின் கைதான் பெல்ட். மலை ரோட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

முன் சீட்டு ராஜா

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கிளார்க்கர் இருந்தார். நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்த பையன் அவருக்கு, மூன்று வயது. அவனை முன் சீட்டில் தன் மடிமேல் நிற்க வைப்பார். அவன் டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றி, கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று வருவான். “ஐயா, பின்னால அம்மாகிட்டக் குடுத்துருங்க” என்று கெஞ்சினேன். “அவனுக்கு ரோடு தெரியணும், இல்லாட்டி அழுவான்” என்றார்.

தலவாக்கலை தாண்டி ஒரு வளைவில் கொழுந்து லொறி ஒன்று நடு ரோட்டில் வந்தது. பிரேக்கை மிதித்தேன். லொறி ஒதுங்கிப் போய்விட்டது. பையனின் வாய்தான் டேஷ்போர்டில் போய் அடித்தது. முன்பல் இரண்டும் போயிற்று. தாய் பின்னாலிருந்து எட்டி அவனை வாங்கி, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கிளார்க்கர் என் பக்கம் திரும்பினார். “பிரேக்க மெதுவாப் போடத் தெரியாதா ஒனக்கு?”

துரை விட்டுப் போன நாற்காலி

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த சமயம் ஒரு வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய பங்களா சமையற்காரர் என் சிநேகிதர். துரை தன் குழந்தைக்காகக் காரில் மாட்டியிருந்த சின்ன நாற்காலியை அவர் என்னிடம் கொண்டுவந்து தந்தார். நல்ல மெத்தை, தோளுக்கும் இடுப்புக்கும் வார். ரத்தம் வழிந்த அந்தப் பையனின் வாய் என் கண்ணைவிட்டுப் போகாத நேரம். பின் சீட்டுக்கு அடியில் இரும்பு வளையம் வைத்து, நாற்காலியை அசையாமல் கட்டினேன். இனி ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

யாரும் பிள்ளையை அதில் வைக்கவில்லை. ஒரு அம்மா கோயிலுக்கு வாங்கிய வாழைத்தாரை அதில் உட்கார வைத்து, வாரையும் மாட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். துணிந்து உட்கார வைத்த ஒரே ஒரு குடும்பமும், பிள்ளை வீரிட்டு அழவே, ரெண்டு மைல் கட்டை போவதற்குள் தூக்கிவிட்டது. கடைசியில் நாற்காலி என் வீட்டுக் கோழிக்கு அடைகாக்கத்தான் உதவியது. அதைக் காரிலிருந்து கழற்ற வைத்தது, கொழுந்து பறிக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி. “பெத்தவ கையி ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? புள்ளைய ஏன் மாடு மாதிரி கட்டிப்போடச் சொல்றீங்க?”

பனி ஆகாது

நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பச்சைப்பிள்ளையைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு அழைத்துப் போனேன். ஐந்து பேர் ஏறும் காரில் எட்டுப் பேர். கம்பளி, துண்டு, குரங்குக் குல்லா எல்லாம் சுற்றிப் பிள்ளை கை மாறிக் கை மாறிப் போனது. தாய்மாமன் பீடி பற்ற வைத்தார். உள்ளே கண் எரிந்தது, பிள்ளை இருமியது, தாய் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். மாமன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சத்தம் போட்டார். “மூடுங்க தம்பி, புள்ளைக்குப் பனி ஆகாது!”

பிடித்திருந்த கை

இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு வேதக்கார வாத்தியார், அவர் மனைவி, மூன்று வயது மகள் ஜெசிந்தா. பொல்பிட்டியவில் மின்சார நிலையத்தில் வேலை செய்த மச்சான் வீட்டில் ஞானஸ்நானம். பிள்ளை புது கவுன் போட்டிருந்தது. நடுவில் உட்கார வையுங்கள் என்றேன். அது ஜன்னல் பக்கம்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தது. “பரவாயில்ல, நான் புடிச்சிருக்கேன்” என்றார் வாத்தியார். உண்மையாகவே பிடித்திருந்தார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கினிகத்தேனை இறக்கத்தில் பிள்ளையின் கை கதவுப் பிடியை இழுத்துவிட்டது. கதவு விரியத் திறந்தது. காரை நிறுத்தித் திரும்பினால் வாத்தியார் கையில் கவுன் துணி ஒரு துண்டு இருக்கிறது, பிள்ளை இல்லை. ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்தது. உயிர் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தாய் அதைத் தூக்கப் போனவள், எங்கே தொடுவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே பின் கதவுகளின் உள்பிடிகளைக் கழற்றிவிட்டேன். ஜெசிந்தா பிழைத்தாள், கால் ஒன்று இழுத்துத்தான் நடந்தாள். மாதங்கள் கழித்து ஹட்டன் டவுனில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார் வாத்தியார். காரைக் கண்டதும் பிள்ளை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் என் கையைப் பிடித்தார். “நான் புடிச்சுத்தான் இருந்தேன் அண்ணே. நீங்களும் பாத்தீங்கதானே?”

அந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்றால், குண்டும் குழியுமான எங்கள் ரோட்டில் எவனாலும் வேகமாகப் போக முடியாததுதான் காரணம்.