அரை நட்சத்திரம்

அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் இசை இணையதளத்தின் அலுவலகம். இண்டி ராக் ஆல்பங்களுக்கு வரும் விமர்சனங்களைத் தளத்தில் ஏற்றுவது என் வேலை. எங்களுக்கு எழுதுபவர்களில் ஒருவர் சனிக்கிழமைதோறும் ஒரு விமர்சனம் எழுதிக் கொண்டுவருவார். ஒல்லியான மனிதர்; ஹெட்போன் அழுத்தி உச்சி முடி எப்போதும் படிந்திருக்கும். பொம்மசந்திரா கம்பெனி பஸ்ஸில் ஒரே ஆல்பத்தை நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் நட்சத்திரம் போடுவார். ஐந்துக்கு மூன்றரை, இரண்டரை என்று பெரும்பாலும் ஓர் அரை இருக்கும்.

ஆறு மாதம் கழித்துத்தான் என் தவறைக் கவனித்தேன். நட்சத்திர எண்ணிக்கையைப் பதியும் கட்டத்தை முழு எண்ணை மட்டும் ஏற்கும்படி அமைத்திருந்தேன். அவருடைய அரைகள் அத்தனையும் உதிர்ந்து, மூன்று, இரண்டு என்றே தளத்தில் வந்திருந்தன.

"நீங்க பாக்கலையா சார்?"

"மொத வாரமே பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"ஹோகலி பிடி மேடம்" என்று கன்னடத்தில் விட்டுவிடச் சொன்னார். பிறகு, "மூணா நாலான்னு ஒரு தடவ கேட்டாலே தெரிஞ்சுடும். அந்த அரைக்காகத்தான் இன்னும் மூணு தடவ கேக்கறது. படிக்கறவங்க ஒருத்தர்கூட எங்க போச்சுன்னு கேக்கல" என்றார்.

அன்றே கட்டத்தைத் திருத்தினேன். அவருடைய பழைய தாள்களைத் தேடியெடுத்து, விட்டுப்போன அரைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் மூன்று விமர்சனங்கள் கொண்டுவந்தார். மூன்றிலும் முழு எண்கள். எத்தனை முறை கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.