கார்லண்டுக்குக் குத்தாத உறை

கார்லண்ட் ப்ரூயிட்டின் படுக்கையறை அலமாரியில் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தால் துப்பாக்கி உறைகள் பொங்கிக்கொண்டு வெளியே வரும். தோலில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று, கணுக்காலில் கட்டுவது, அக்குளில் தொங்குவது என்று சகல ரகமும் கிடக்கும். எல்லாம் ஆசை ஆசையாக வாங்கி, நாலு நாள் கட்டிப் பார்த்து, இடுப்பைத் தேய்த்துக்கொண்டே கழற்றி எறிந்தவை. பெல் நாப் ஊரில் சட்டைக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு திரிகிற எவன் வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு இழுப்பறை இருக்கும் என்று அவன் சத்தியம் செய்வான். அது உண்மையும்கூட. ஆனால் அவன் மனைவி ரோண்டாவிடம் அந்தப் பருப்பு வேகவில்லை.

"நான் ரெண்டு ஜோடி செருப்பு வாங்கினா ஊரையே கூட்டுவியே, இப்ப வந்து இதை எண்ணு பார்ப்போம்," என்பாள்.

"ரோண்டா, செருப்பு கடிச்சா கால்தான் புண்ணாகும். இது கடிச்சா நான் உட்காரவே முடியாது."

"உட்காராதே. நின்னுக்கிட்டே வண்டி ஓட்டு."

அவன் தொழிலில் அது மட்டும் நடக்காது. கார்லண்ட் இழுவை வண்டிக்காரன். ஆர்கன்சா மலைச் சாலைகளில் எவன் கார் பள்ளத்தில் இறங்கினாலும், எந்த லாரி மூச்சை விட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஓட்ட வேண்டும், இறங்க வேண்டும், மல்லாந்து படுத்துக் காருக்கடியில் கொக்கி மாட்ட வேண்டும், மறுபடி ஏற வேண்டும். இதற்கு நடுவில் அவனுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவனுக்கு முன்னால் அது வாசலைத் தாண்டிவிடும்.

துப்பாக்கி வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டுக் கட்டவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் கார் நின்றுவிட்டது என்று ஒரு அழைப்பு. போனால் கார் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் நல்லவர்களாக இல்லை. இரும்புக் கம்பியால் மண்டையில் போட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ரோண்டா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "ஒண்ணு, துப்பாக்கி உன் உடம்புல இருக்கணும். இல்லைன்னா இந்தத் தொழிலை விடு," என்றாள். அவன் தலையாட்டினான். முப்பது தையல் போட்ட தலை, ஆட்டும்போது வலித்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது இந்தப் பாடு. வலப்பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் செருகினால் நிற்கும்போது சொர்க்கம். வண்டியில் உட்கார்ந்தால் சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் பிஸ்டலின் பிடி போய் மாட்டிக்கொள்ளும். முன்னால், தொப்புளுக்குக் கீழே வைத்துப் பார்த்தான். கொக்கி மாட்டக் குனிந்தால் மேல்முனை விலாவில் இடிக்கும், கீழ்முனை சொல்ல முடியாத இடத்தில் அழுத்தும். கணுக்காலில் கட்டினால் சரளைக் கல்லில் தவழும்போது உரசும். அவசரத்துக்கு அவன் அவ்வளவு தூரம் குனிந்து எடுப்பதற்குள் எதிராளிக்கே வயதாகிவிடும். அக்குளில் தொங்கவிட்டால் மேலே கோட்டு போட வேண்டும். ஜூலை மாதத்தில் கோட்டு போட்டுக்கொண்டு அலைந்தால் துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று தமுக்கடித்த மாதிரிதான்.

அதனால் அவன் என்ன செய்தான் என்றால், எல்லோரும் செய்கிற தப்பைச் செய்தான். உறுத்தும்போது உறையோடு கழற்றி, பக்கத்தில் எங்காவது வைத்துக்கொண்டான். போகும்போது எடுத்துக்கொண்டான்.

அன்று வியாழக்கிழமை, மத்தியானம். கோனியின் சாப்பாட்டுக் கடையில் பொரித்த கெளுத்தி மீன் நாள். உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. கார்லண்ட் சாப்பிட்டு முடித்துவிட்டு டாய்லெட்டுக்குப் போனான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான். கால்சட்டையை இறக்கினால் பிஸ்டல் பாரத்தில் பெல்ட்டே தரையில் போய் இடிக்கிறது என்று, உறையைத் துப்பாக்கியோடு கழற்றி, பின்னால் இருந்த ஃபிளஷ் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் வைத்தான். வெளியே வரும்போது அடுத்ததாக மிஸ் நெல்டா ஹார்கிஸ் நின்றுகொண்டிருந்தார். எழுபது தாண்டியவர், தேவாலயத்தில் பியானோ வாசித்தவர், இப்போது கை நடுக்கத்தால் விட்டுவிட்டார். கார்லண்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மிஸ் நெல்டா," என்றான். அவர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அவர் காரை இழுத்துக்கொண்டு போனவன் இவன்தான். உள்ளே அவர் தங்கைக்கு ஆபரேஷன். நிறுத்தக் கூடாத இடத்தில் கார் நிற்கிறது என்று இடத்துக்காரன் கூப்பிட்டான், இவன் இழுத்தான். பனியில் அந்த அம்மாள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று இவன் கேட்கவும் இல்லை.

மலை ஏறுகிற சாலையில் வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று நிற்பதாக அழைப்பு வந்திருந்தது. கார்லண்ட் ஏறி உட்கார்ந்தான், வண்டியை விட்டான். வயிறு நிறைந்திருந்தது, முதுகு சீட்டில் பாந்தமாகப் பொருந்தியிருந்தது. அடடா, ஒருவழியாக இந்த உறை பழகிவிட்டதே, கொஞ்சம்கூடக் குத்தவில்லையே என்று சந்தோஷப்பட்டான். ரோண்டாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அந்தச் சந்தோஷத்தோடு இரண்டு மேடு ஏறி இறங்கினான். மூன்றாவது வளைவில்தான் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

அவனுக்கு உயிரே போய்விட்டது. வண்டியை எப்படித் திருப்பினான் என்று பிற்பாடு கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி மூடி எவ்வளவு உயரம் என்பதுதான் மனசில் ஓடியது. ஒரு சின்னப் பிள்ளை எக்கினால் எட்டிவிடும் உயரம். கடையில் சாப்பிடும்போது மூலை மேஜையில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை உருளைக்கிழங்கு வறுவலைச் சாஸில் தோய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தான். கடவுளே, அந்தப் பிள்ளை உள்ளே போயிருக்கக் கூடாது, வேறு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தான்.

கடைக்குள் நுழைந்தபோது டாய்லெட் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் கோனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நாலைந்து பேர்.

"மிஸ் நெல்டா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? டாக்டரைக் கூப்பிடவா?" என்று கோனி கத்தினாள்.

"வயிறு சரியில்லைன்னு சொன்னேன்ல. போய் உன் மீனைப் பாரு. அந்த மீனாலதான் எல்லாம்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"என் மீனைச் சொல்லாதீங்க," என்றாள் கோனி.

கார்லண்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவில் வாயை வைத்து, "மிஸ் நெல்டா, நான் கார்லண்ட்," என்றான்.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. "நீ மட்டும் வா," என்றார் அவர்.

அவன் நுழைந்ததும் மறுபடி தாழிட்டார். டாய்லெட் மூடிமேல் பைபிள் வகுப்பில் உட்கார்வது போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். உறை வைத்த இடத்திலேயே இருந்தது.

"நான் தொடல," என்றார். "என் கை ஆடுறது ஊருக்கே தெரியும். இந்தக் கையோட இதைத் தூக்கி யாரைச் சுடச் சொல்றே? எடுத்துக்கோ."

அவன் எடுத்து இடுப்பில் மாட்டினான். "மேம், உங்களுக்கு நான் எப்படி..." என்று இழுத்தான்.

"எனக்கு அப்புறம் சொல்லலாம். வெளியே ஒரு பிள்ளை எனக்கு அடுத்ததா நின்னுச்சு. அவசரம், அவசரம்னு கதவைத் தட்டுச்சு. நான் திறக்கல. அதுக்கு மேல அதால முடியல, நின்ன இடத்துலயே போயிடுச்சு. அத்தனை பேருக்கு முன்னாடி. அதோட அம்மா என்னைத் திட்டினதெல்லாம் உள்ளே கேட்டுச்சு. மனசாட்சி இல்லாத கிழவின்னா. நியாயம்தானே, அவளுக்கென்ன தெரியும்?"

"நீங்க சொல்லியிருக்கலாமே, மேம். போலீஸ் டெபுடி ஜன்னலோரம்தான் உட்கார்ந்து சாப்பிடுறார். என் பேரைச் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருக்கலாம்தான். கோனி காதுல போட்டா, ராத்திரிக்குள்ள பக்கத்து ஊருக்கும் போயிடும். உன் துப்பாக்கி லைசென்ஸ் போகும், உன் தொழில் போகும். நீ எனக்குச் செஞ்சதுக்கு அது கணக்குச் சரிதான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், பொய் சொல்லல. அப்புறம், இவன் தானா வரானான்னு பார்ப்போம்னு உட்கார்ந்தேன். வந்துட்டே." அவர் எழுந்து பாவாடையை நீவிக்கொண்டார். "போ. எனக்குப் பின்னாடி வா."

கதவைத் திறந்ததும் எல்லோரும் மிஸ் நெல்டாவையே பார்த்தார்கள். மூலை மேஜையில் அந்தக் குழந்தை, பெயர் ஹேட்லி, அம்மாவின் மேலங்கியைச் சுற்றிக்கொண்டு, அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அம்மா ஷானா ஈரமான மஞ்சள் கவுனைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். மிஸ் நெல்டாவைப் பார்த்ததும், "பியானோ வாசிக்கிறவங்களாம், பெரிய மனுஷி," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். மிஸ் நெல்டா தலை குனிந்து, தன் மேஜைக்குப் போய், ஆறிப்போன மீன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கார்லண்ட் நேராக வாசலுக்குப் போயிருக்கலாம். அந்த அம்மாள் அதற்கும் வழி செய்துதான் கொடுத்திருந்தார். அவனும் வாசல் பக்கம் ஒரு அடி வைத்தான் என்பதை மறைப்பானேன். ஆனால் அதற்கு மேல் கால் நகரவில்லை.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க," என்றான். தட்டுச் சத்தம் நின்றது. "என் துப்பாக்கி அந்த டாய்லெட்ல இருந்துச்சு. குத்துதுன்னு கழட்டி வெச்சேன், மறந்துட்டுப் போயிட்டேன். மிஸ் நெல்டா அதைப் பார்த்து, உள்ளே யாரும் வந்துடக் கூடாதுன்னுதான் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தாங்க. வயித்துக்கோளாறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தப்பு முழுக்க என்னுது. யாராவது திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

ஷானாவின் கை பைக்குள் அப்படியே நின்றது. அவள் டாய்லெட் கதவைப் பார்த்தாள், தன் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து கார்லண்டைத் தாண்டிப்போய், மிஸ் நெல்டாவின் ஆடுகிற கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே அழுதாள்.

"சரி கண்ணு, சரி. பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு," என்றார் அவர். "அந்தத் தடியன் கணக்குல."

டெபுடி வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கார்லண்டை வெளியே அழைத்துப்போனார். மரியாதையாகத்தான் கிழித்தார், ஆனால் நார் நாராகக் கிழித்தார்; லைசென்ஸை மட்டும் விட்டுவைத்தார். அதற்குமேல் ரோண்டா இருந்தாள். அவளிடமும் அவன் அன்றே சொன்னான். அவள் இழுப்பறையை அப்படியே உருவிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டினாள். "இதுல எது குத்தாதுன்னு இன்னி வரைக்கும் தேடினே. எதைக் கழட்டவே வேண்டாம்னு தேடினியா?" என்றாள்.

அவனுக்கு அது உறைத்தது. துப்பாக்கிக் கடை டுவேனிடம் போய், "நின்னு கண்ணாடி பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். உட்காரணும், குனியணும், மல்லாந்து படுக்கணும், கால்சட்டையை இறக்கணும், அப்பவும் அது உடம்போட இருக்கணும்," என்றான்.

"கடைசியா சொன்னதை என் கடையில செய்யாதே," என்றான் டுவேன்.

வண்டியைக் கடை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, பிஸ்டலிலிருந்து குண்டுகளை எடுத்துவிட்டு, ஒரு மத்தியானம் முழுக்க ஏறினான், இறங்கினான், புழுதியில் புரண்டான். கால்சட்டையில் மாட்டுகிற எதுவும் கால்சட்டையோடு இறங்கத்தானே செய்யும்? கடைசியில் தேறியது ஒரு அகலமான எலாஸ்டிக் பட்டி. வயிறு ஆரம்பிக்கும் இடத்துக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே சுற்றிக் கட்டுவது. அதில் விசையை முழுக்க மூடுகிற கெட்டியான கூடு தைத்திருந்தது. உள்ளே ஒரு பனியன், அதன்மேல் பட்டி, எல்லாவற்றுக்கும் மேல் மார்பை மறைக்கிற ஓவரால். சீட்டு அதைத் தொடாது, குனிந்தால் இடிக்காது, பக்கவாட்டில் கையை விட்டால் நேராகப் பிடியில் போய் நிற்கும். வேர்க்கும், அது உண்மை. வேர்த்தால் வேர்க்கட்டும் என்றான்.

மிஸ் நெல்டாவின் தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற நாட்களில் இப்போது கார்லண்ட்தான் ஓட்டுகிறான். வண்டியில் ஏறும்போதெல்லாம் அவர், "எங்கே நிறுத்தணும்னு தெரியுமில்லே?" என்று கேட்பார். "தெரியும் மேம்," என்பான். அவரிடம் நன்றி சொல்ல ஆரம்பித்தால் மட்டும், "வாயை மூடிக்கிட்டு ரோட்டைப் பாரு," என்று அடக்கிவிடுவார்.

வியாழக்கிழமைகளில் கோனியின் கடையில் ஷானாவும் ஹேட்லியும் இருப்பார்கள். கார்லண்ட் டாய்லெட்டிலிருந்து வந்து, அடுத்ததாகப் பிள்ளை நின்றால், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பான். ஷானா எழுந்து வருவாள். தொட்டி மூடி, தரை, கழுவும் தொட்டிக்கு அடியில் என்று ஒன்று விடாமல் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் பிள்ளையை உள்ளே விடுவாள். வருடம் ஒன்றாகியும் அந்த வழக்கத்தை அவள் விடவில்லை.

போன வாரம் அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க, மிஸ்டர் ப்ரூயிட். உங்களை நம்பாம இல்லை," என்றாள்.

"என்னை நம்பாதீங்க, மேம்," என்றான் கார்லண்ட். "நீங்க ஒவ்வொரு தடவையும் உள்ளே பார்க்கிறீங்களே, அதுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

அவள் உள்ளே போய் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, பிள்ளையை வரச் சொன்னாள்.