எலுமிச்சை மஞ்சளானதற்கு நானா காரணம்?

காலையில் வீட்டுக்கார அக்கா, மஞ்சளாகிப்போன எலுமிச்சை இலையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சோப்புத் தண்ணிய இங்கிட்டுத்தானே ஊத்துறீங்க? செடி செத்துச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிருங்க."

"சத்தியமா இல்லக்கா" என்றேன். அக்கா நம்பவில்லை.

அவர் உள்ளே போனதும் செடியடியில் குனிந்து பார்த்தேன். மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மெல்லிய ட்யூப் ஒன்று அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல்! ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் உப்புத்தண்ணீர்.

ட்யூபைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டு, உப்பு இறங்கட்டும் என்று குழாயில் வரும் காவிரித் தண்ணீரை ஒரு வாளி பிடித்துச் செடிக்கு ஊற்றினேன்.

"பாத்தீங்களா, ஊத்துறீங்க!"

பின்னால் அக்கா. கையும் வாளியுமாகப் பிடிபட்டேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள்: ட்யூபைக் காட்டுவதா, இதே அரிமளத்தில் வேறு வீடு பார்ப்பதா?