அந்த ஒரு துளிக் கலப்படம்

மும்பை செம்பூர் லேபில் நானும் என் சிநேகிதியும் ஏழு வருடம் ஒரே மேஜையில் பூச்சி வாசனை செய்தோம். கத்தரிக்காயைத் துளைக்கும் புழு இருக்கிறதே, அது அந்துப்பூச்சியானதும் பெண் ஒரு வாசனை விட்டு ஆணைக் கூப்பிடும். அதையே குடுவையில் செய்து, பொறிக்குள் வைத்து வயலில் தொங்கவிட்டால், ஆண் பூச்சிகள் ஏமாந்து வந்து விழும். விஷம் தெளிக்கவே வேண்டாம்.

நான் வசதியான மாட்டுங்கா, அவள் குடிசைகள் நெருக்கும் தாராவி. என் சாப்பாட்டு டப்பாவில் பாதியை அவள்தான் காலி செய்வாள். "ஏட்டி, ஊர்ப் பூச்சியெல்லாம் ஏமாத்துதோம், நமக்கு ஒருத்தனும் சிக்கலியே" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடமாகிறது. மத்தியானமானால் இப்போதும் கதவைப் பார்க்கிறேன்.

போன வருடம் வயல் சோதனைக்கான வாசனைச் சரக்கை அவள் செய்து முடித்திருந்தாள். சுத்தமா என்று பார்க்க மெஷினில் ஓட்டினேன். அது வரைந்த படத்தில் பெரிய முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முகடு. கடைசிப் படி முழுதாக முடியவில்லை, மூலப்பொருள் துளி மிச்சமிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லார் முன்னாலும் கத்தினேன்: "உங்க தாராவி டூப்ளிகேட் சரக்கெல்லாம் இங்கே கொண்டு வராதே!"

அந்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டாள்.

பாதிச் சரக்கை நான் மறுபடி சுத்தம் செய்தேன். அவளுடையது எவ்வளவு மட்டம் என்று காட்டவே இரண்டையும் நாசிக் பக்கத்து வயலுக்கு அனுப்பினேன். அவள் பொறிகளில் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. என் பொறிகளை ஒன்றுகூடச் சீண்டவில்லை. பெண் பூச்சியும் அந்தத் துளியைச் சேர்த்துத்தான் விடுகிறதாம். என் படிப்பில் இடி விழ!

உடனே போன் செய்தேன். "தப்பு என்னுதுதான்டீ. உன் சரக்குக்குத்தான் பூச்சி வந்தது. திரும்பி வந்துடேன், நீ இல்லாம எனக்கு எதுவும் ஓடலை."

"வந்துச்சா? சந்தோசம்ட்டி." பிறகு சொன்னாள்: "ஆனா அன்னைக்கு நீ ஏசுனது சரக்கை இல்லல்லா."

வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவேயில்லை.

நேரில் போய் மன்னிப்புக் கேட்பதென்று அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்சி பிடித்தேன். எங்கள் வீட்டிலிருந்து தாராவி பத்து நிமிஷம். எந்தச் சந்து, எந்தக் கல்லி என்று டிரைவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடத்தில் எத்தனையோ பண்டிகைக்கு அவள் கூப்பிட்டிருக்கிறாள், நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.